ஒரே சின்னப் புதிர், பல மொழிகள்: எதில் எண்ணியதை எண்ணியபடி எழுத முடிகிறது?

நிரல்மேடை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. எந்த மொழி உசத்தி என்ற சண்டைக்காக இதைத் தொடங்கவில்லை. ஒரு மொழியின் வெளிப்பாட்டுத் திறனை ஒரு சின்னப் புதிரை வைத்து அளக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

2002 மே மாதம் பால் கிரஹாம் லிஸ்ப் மொழியின் வலுவைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு புதிரை வைத்தார். ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு ஒரு ஃபங்ஷனைத் திருப்பித் தர வேண்டும். அந்த ஃபங்ஷனை இன்னோர் எண்ணோடு அழைத்தால், இதுவரை சேர்ந்த தொகையில் அதையும் சேர்த்துப் புதிய தொகையைத் தர வேண்டும். இரண்டு எண்களை வெறுமனே கூட்டித் தந்தால் போதாது. தொகை உள்ளே தங்கி, அழைக்க அழைக்க வளர வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டில் பெயர்களைத் தமிழில் வைக்கலாம் என்பதால் இது மொத்தமும் இவ்வளவுதான்:

சேர்ப்பி = தொடக்கம் => கூடுதல் => தொடக்கம் += கூடுதல்

பிரவுசர் கன்சோலில் அப்படியே ஒட்டிப் பாருங்கள், ஓடும். சோதனை இது:

அ = சேர்ப்பி(1)
அ(5)
சேர்ப்பி(3)
அ(2.3)

கடைசி வரிக்கு 8.3 வர வேண்டும். நடுவில் சும்மா நிற்கிற சேர்ப்பி(3) முக்கியம். ஒவ்வொரு சேர்ப்பியும் தனக்கென்று ஒரு தொகையை வைத்திருக்கிறதா, அல்லது எல்லாம் ஒரே இடத்தைப் பங்குபோடுகின்றனவா என்பதை அந்த வரிதான் காட்டிக்கொடுக்கும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் மொழியின் நிரலை ஒட்டுவதைவிட, இந்தப் புதிரை எழுதும்போது அந்த மொழி உங்களைக் கூடுதலாக என்னென்ன சொல்ல வைத்தது என்று எழுதுங்கள். ஒப்பிட அதுதான் உதவும்.

---

மூன்றாமாண்டு

கல்லூரியில் பைதான்தான் படிக்கிறோம். உள் ஃபங்ஷனில் தொடக்கத்தோடு கூடுதலைச் சேர்த்தேன். மதிப்பு தருவதற்கு முன்பே அந்த மாறியைப் பயன்படுத்துகிறாய் என்று பிழை வருகிறது. வெளியில்தான் மதிப்பு இருக்கிறதே? அதே மாறியை அச்சிட மட்டும் சொன்னால் ஒழுங்காக அச்சாகிறது. ஏன் அண்ணா?

---

நிரல்மேடை

தம்பி, பைதானில் மாறியை அறிவிக்கத் தனியாக ஒரு சொல் கிடையாது. ஒரு ஃபங்ஷனுக்குள் எந்தப் பெயருக்காவது மதிப்புக் கொடுத்தால், அந்தப் பெயர் அந்த ஃபங்ஷனுக்கே சொந்தம் என்று பைதான் முடிவுகட்டிவிடும். படிக்க மட்டும் செய்தால் வெளியே போய்த் தேடும். நீங்கள் "+=" போட்டதும், அதாவது கூட்டி அதே பெயரில் வைக்கச் சொன்னதும், அது உள்ளூர் மாறி ஆகிவிட்டது. உள்ளூரில் இன்னும் மதிப்பு இல்லை, அதனால் பிழை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2.1க்கு முன்பு வெளி ஃபங்ஷனின் மாறியை உள்ளிருந்து படிக்கக்கூட முடியாது. கிரஹாம் புதிர் போட்ட காலத்தில் படிக்கலாம், மாற்ற முடியாது. அதனால் ஒரே ஓர் உறுப்புள்ள பட்டியலை உண்டாக்கி, அதன் சுழியாம் உறுப்பை மாற்றி எழுதுவார்கள். பட்டியல் என்ற பெயருக்குப் புது மதிப்புக் கொடுக்கவில்லை, பட்டியலின் உள்ளேதான் மாற்றுகிறோம் என்பதால் பைதான் விட்டுவிடும். 2008 டிசம்பரில் வந்த 3.0இல்தான் 'நான்லோக்கல்' என்ற சொல் வந்தது. உள் ஃபங்ஷனின் முதல் வரியில் அதைப் போட்டுத் தொடக்கத்தின் பெயரைச் சொல்லுங்கள், வேலை செய்யும்.

பைதானின் லாம்டாவில் (பெயரில்லாமல் எழுதும் குட்டி ஃபங்ஷன்) இதைப் போட முடியாது. அதில் ஒரு கோவைதான் அடங்கும், அறிவிப்புக்கு இடமில்லை. ஆகவே உள் ஃபங்ஷனுக்கு ஒரு பெயர் வைத்தே ஆக வேண்டும்.

---

ஜாவா_தினமும்

ஜாவாவில் கதை கிட்டத்தட்ட பழைய பைதான் கதையேதான், இன்றுவரை. 2014இல் ஜாவா 8 லாம்டாவைக் கொண்டுவந்தது. ஆனால் லாம்டா பிடித்துக்கொள்ளும் உள்ளூர் மாறி அதன்பின் மாறவே கூடாது. மாற்றினால் கம்பைலர் ஒப்புக்கொள்ளாது. நாங்களும் ஓர் உறுப்பு அரே வைத்துத்தான் சமாளிக்கிறோம்.

கூடுதலாகச் சொல்ல வைப்பது என்ன? எந்த வகை எண் என்று சொல்ல வேண்டும். திருப்பித் தரும் ஃபங்ஷனுக்குப் பொருத்தமான இன்டர்ஃபேஸ் பெயரைத் தேடிப் போட வேண்டும். அழைக்கும் இடத்தில் அடைப்புக்குறி மட்டும் போட்டால் ஆகாது, அந்த இன்டர்ஃபேஸின் மெத்தடைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பெயரில்லாமல் ஒரு ஃபங்ஷனை நேரடியாக அழைக்கும் வழக்கமே ஜாவாவில் இல்லை.

ஆனாலும் இந்தத் தடையை நான் குறையாகப் பார்க்கவில்லை. எங்கள் நிரல்களில் லாம்டாவைப் பல த்ரெட்களுக்கு, அதாவது ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளுக்கு, தூக்கிக் கொடுப்பது அன்றாட வேலை. உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு தொகையை இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் கூட்டினால் கணக்கு தப்பும், அது சோதனையில் பிடிபடவும் பிடிபடாது. அரே வைக்கும்போதாவது "இங்கே மாறும் ஒன்று இருக்கிறது" என்று கண்ணில் படுகிறது.

---

பழையசி

சி-யில் எழுதிப் பார்த்தேன். முதலில் தோன்றுவது ஸ்டேட்டிக் மாறி, அதாவது ஃபங்ஷன் முடிந்தாலும் மதிப்பு அழியாத மாறி. அது சேர்ப்பி(3) வரியில் விழுந்துவிடும், எல்லாச் சேர்ப்பிகளுக்கும் ஒரே தொகைதான். ஜிசிசி கம்பைலர் தரும் உள் ஃபங்ஷன் வசதியும் உதவாது. வெளி ஃபங்ஷன் முடிந்ததும் அதன் ஸ்டாக் இடம் போய்விடும், அதன்பின் உள் ஃபங்ஷனை அழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கடைசியில் ஸ்ட்ரக்ட் (தரவுகளைச் சேர்த்துவைக்கும் அமைப்பு) ஒன்றில் தொகையை வைத்து, அதன் முகவரியை ஒவ்வோர் அழைப்பிலும் கூடவே அனுப்ப வேண்டியதாயிற்று. ஃபங்ஷனும் அது நினைவில் வைக்க வேண்டிய தரவும் சேர்ந்த ஒன்றைத்தான் குளோஷர் என்கிறோம். 1964இலேயே பீட்டர் லேண்டின் அதை அப்படித்தான் விவரித்தார். சி-யில் அந்த இரண்டையும் கட்டிவைக்கும் கயிறு புரோகிராமரின் கையில் இருக்கிறது. நினைவகத்தை எப்போது விடுவிப்பது என்பதும் நம் பொறுப்பு.

இதனால் சி தாழ்ந்த மொழி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் இந்தப் புதிரில் சி தோற்கிறது என்பதை மறுக்க முடியாது.

---

இரும்புத்துரு

பழையசி ஐயா சொன்ன கயிற்றைக் கம்பைலரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ரஸ்ட் நல்ல உதாரணம்.

ரஸ்ட்டில் நான் சொல்ல வேண்டியிருந்தவை: தொடக்கம் மாறக்கூடியது, உள் ஃபங்ஷன் அதைத் தனதாக்கிக்கொள்கிறது, திரும்பி வருவது உள்நிலையை மாற்றும் வகைக் குளோஷர், எண் 64 பிட் தசம எண். போதாதென்று, "+=" ரஸ்ட்டில் எந்த மதிப்பையும் தராது. கூட்டுவது ஒரு வரி, தொகையைத் தருவது அடுத்த வரி. அழைப்பவரும் 'அ' மாறக்கூடியது என்று எழுத வேண்டும். 1 என்று கொடுத்தால் வாங்காது, 1.0 என்று கொடுக்க வேண்டும். 2018 மே மாதம் வந்த 1.26 பதிப்புக்கு முன்பு, திரும்பும் குளோஷரை ஹீப் என்ற நினைவகப் பகுதியில் ஒரு பெட்டியில் வேறு போட வேண்டியிருந்தது.

நிறையத்தான். ஆனால் ஜாவா நண்பர் பயந்த த்ரெட் பிரச்சினை இங்கே நடக்காது. 'அ'வை இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் மாற்ற முயலும் நிரல் கம்பைல் ஆகாது. நான் எழுதிய ஒவ்வொரு கூடுதல் சொல்லும் அந்த உத்தரவாதத்துக்காகத்தான். ஜாவாஸ்கிரிப்டின் ஒற்றை வரியில் அந்தச் செய்தி சுருக்கப்படவில்லை, அங்கே அது இல்லவே இல்லை. அதனால் நீளத்தை மட்டும் ஒப்பிடுவது நியாயமாகப் படவில்லை.

சி++இல் யாராவது ஓட்டிப் பார்த்தீர்களா? விடை வேறு வரும் என்று நினைக்கிறேன்.

---

வார்ப்புரு

ஓட்டிப் பார்த்தேன் அக்கா. சி++14இல் வகை சொல்லாமலே லாம்டா எழுதலாம் என்பதால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நகலாகப் பிடித்த மதிப்பை மாற்ற அனுமதி கேட்க ஒரு சொல் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் விடை 8.3 இல்லை, 8.

காரணம், சேர்ப்பி(1) என்றதும் தொகையின் வகை முழு எண் என்று அந்த இடத்திலேயே உறைந்துவிட்டது. பிறகு 2.3ஐக் கூட்டினாலும் முடிவு முழு எண்ணுக்குள்தான் போக வேண்டும், தசமம் சத்தமில்லாமல் வெட்டப்படுகிறது. 1.0 என்று தொடங்கினால் 8.3 வருகிறது.

சுருக்கமாக எழுத விட்டு, கணக்கைத் தப்பாகக் கொடுக்கிறது. அந்த இடத்தில் தடுத்து நிறுத்தும் ரஸ்ட்தான் எனக்கு மேலாகத் தெரிகிறது. ஜாவாஸ்கிரிப்ட் அன்பர்களும் கவனிக்க: அ("5") என்று மேற்கோளுக்குள் கொடுத்துப் பாருங்கள். தொகை 6 ஆக இருக்கும்போது கொடுத்தால் 11 வராது, "65" என்ற எழுத்துச்சரம் வரும். அதன்பின் எதைக் கூட்டினாலும் ஒட்டிக்கொண்டே போகும்.

---

தூயசார்பு

ஹாஸ்கல் பக்கம் இருந்து.

ஹாஸ்கலில் மாறி மாறாது. தொகையை மாற்றக்கூடிய ஒரு பெட்டியில் வைக்க வேண்டும், அந்தப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதும், வெளி விளைவுள்ள வேலைகளுக்கான 'ஐஓ' என்ற வகைக்குள் நடக்க வேண்டும். சேர்ப்பியின் நிரல் மூன்று வரிதான். எழுதும்போது கஷ்டமே இல்லை. ஆனால் சேர்ப்பியை அழைக்கிறவரும் ஐஓவுக்குள் வர வேண்டும், அவரை அழைக்கிறவரும் வர வேண்டும். மேலே மேலே ஏறிக்கொண்டே போகும்.

இந்த இழையில் பேசிக்கொண்டிருப்பதை மத்தியாஸ் ஃபெலைசன் 1991இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் கறாராக வரையறுத்திருக்கிறார். எல்லா மொழிகளும் டியூரிங் இயந்திரம் என்ற கணிப்பு மாதிரிக்குச் சமம், எதில் கணிக்க முடிவதும் மற்றதில் முடியும், ஆகவே "இந்த மொழியில் இதைச் செய்யவே முடியாது" என்ற பேச்சுக்கு அர்த்தம் இல்லை. அவர் கேள்வியை வேறு மாதிரி வைத்தார். ஒரு வசதி இல்லாத மொழியில் அதை ஈடுகட்ட, அந்த இடத்தில் மட்டும் மாற்றி எழுதினால் போதுமா, அல்லது நிரல் முழுவதையும் கலைக்க வேண்டுமா? ஃபார் லூப் இல்லாவிட்டால் வைல் லூப் வைத்து அதே இடத்தில் முடித்துவிடலாம். ஆகவே ஃபார் லூப் மொழிக்கு வலு சேர்க்கவில்லை, வசதி மட்டும். மாறிக்கு மதிப்பை மாற்றுவது அப்படி இல்லை. அது இல்லாத மொழியில் தொகையை ஒவ்வொரு ஃபங்ஷன் வழியாகவும் உள்ளே அனுப்பி வெளியே வாங்க வேண்டும், நிரலின் உருவமே மாறும். அதனால் அது உண்மையான கூடுதல் வலு.

அந்த வலுவுக்கு ஒரு விலை இருக்கிறது, அதையும் அவர் சொல்கிறார். வலு கூடக் கூட, இரண்டு நிரல்கள் சமம் என்று சொல்லும் உரிமை குறைகிறது. நம் சோதனையிலேயே பார்க்கலாம். ஹாஸ்கலில் எதையும் மாற்றாத ஒரு தூய ஃபங்ஷனை 5க்கு இரண்டு முறை அழைத்துக் கூட்டுவதும், ஒரு முறை அழைத்து இரண்டால் பெருக்குவதும் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றி எழுதலாம். மேலே உள்ள ஜாவாஸ்கிரிப்டில், புதிதாக சேர்ப்பி(1) வாங்கி அ(5) + அ(5) போட்டால் 6 + 11 = 17. அதே இடத்தில் 2 * அ(5) போட்டால் 12.

எனவே கிரஹாமின் புதிர் ஒன்றைத்தான் கேட்கிறது: "உன் மொழியில் குளோஷரும் மாறும் மாறியும் கட்டுப்பாடில்லாமல் சேர முடியுமா?" அதைக் கேட்பதில் தப்பில்லை. அதுவே மொத்த வெளிப்பாட்டுத் திறன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

---

ஜாவா_தினமும்

தூயசார்பு, ஐஓ மேலே மேலே ஏறும் என்று நீங்கள் சொன்னது எனக்கு உறைத்தது. ஆனால் நீள ஒப்பீட்டை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம் என்பேன். வரி குறைந்தால் படிக்க வேண்டியதும் குறையும், தப்பு ஒளிந்துகொள்ளும் இடமும் குறையும்.

லுட்ஸ் பிரெக்கெல்ட் 2000இல் வெளியிட்ட ஒப்பீட்டைப் படித்திருப்பீர்கள். தொலைபேசி எண்ணை அகராதிச் சொற்களாக மாற்றும் ஒரே நிரலை ஏழு மொழிகளில் எழுதச் சொல்லி, 80 நிரல்களை ஒப்பிட்டார். பெர்ல், பைதான், ரெக்ஸ், டிக்கிள் நிரல்கள் சி, சி++, ஜாவா நிரல்களைவிடப் பாதி நீளம். எழுத ஆன நேரமும் ஏறக்குறைய பாதி. தினமும் ஜாவா எழுதும் எனக்கு இது கசந்தாலும் மறுக்கத் தோன்றவில்லை.

---

பழையசி

அந்தக் கட்டுரையை நானும் படித்தேன். அதில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரே மொழியில் எழுதியவர்களுக்குள்ளேயே இருந்த வித்தியாசம், பெரும்பாலும் மொழிக்கு மொழி இருந்த வித்தியாசத்தைவிடப் பெரிது. தவிர, சி, சி++, ஜாவா நிரல்களைப் பல்கலைக்கழகச் சோதனையில் நேரம் பார்த்து எழுதினார்கள். ஸ்கிரிப்ட் மொழிக்காரர்கள் இணைய அழைப்பைப் பார்த்துத் தாங்களாக முன்வந்து, ஆன நேரத்தையும் தாங்களே சொன்னார்கள். ஆர்வமாக வந்தவர்களையும் சோதனைக்கு உட்கார்ந்தவர்களையும் ஒரே தராசில் வைக்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிரெக்கெல்ட் இதை மறைக்கவில்லை, அவரே விளக்கமாக எழுதியிருக்கிறார்.

---

தூயசார்பு

இதோடு 1994இல் பால் ஹூடாக்கும் மார்க் ஜோன்ஸும் எழுதிய அறிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கடற்படை தொடர்பான ஒரு முன்மாதிரி நிரல். ஹாஸ்கலில் 85 வரி, ஏடா என்ற மொழியில் 767, சி++இல் 1105. அந்த 85 வரி முழுமையாகச் சோதிக்கப்பட்டு ஓடும் நிரல்தான் என்று சொன்னபோது, மதிப்பிட வந்தவர்கள் நம்பாமல் சந்தேகப்பட்டார்கள். வெறும் வடிவமைப்புக் குறிப்பு என்று நினைத்திருக்கிறார்கள்.

சேர்ப்பிப் புதிரில் பின்தங்கிய அதே ஹாஸ்கல்தான். எந்தப் புதிரைக் கொடுக்கிறோம் என்பதில் பாதி விடை அடங்கியிருக்கிறது.

---

எழுத்துரு

கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு நான் வருகிறேன். தமிழ்க் கணிமை வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இடிக்கும் ஒரு புதிரை இங்கே வைக்கிறேன்.

விகடகவி. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான், பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு சொல்லை வாங்கி, அது இப்படித் திரும்பி வருமா என்று சொல்லும் நிரலை உங்கள் மொழியில் எழுதுங்கள்.

பைதானில் தலைகீழாக்கப் பிரபலமான ஒற்றை வரி உண்டு, மூன்றாமாண்டு தம்பிக்குத் தெரிந்திருக்கும். அதை ஓட்டினால் விகடகவி திரும்பி வராத சொல் என்று விடை வரும். யூனிகோடில் 'வி' என்பது 'வ' ஒரு குறியீடு, இகரத்தின் துணைக்குறி இன்னொரு குறியீடு. விகடகவிக்கு எழுத்து ஐந்து, குறியீடு ஏழு, யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் பைட் 21. ஏழையும் திருப்பிப்போட்டால் ஒரு துணைக்குறி முன்னால் தொங்கும், இன்னொன்று இடம் மாறும். 'அம்மா'வைத் திருப்பிப் பாருங்கள், 'மாம்அ' வராது. புள்ளி வட்டத்தோடு ஒரு கால் முதலில் நிற்கும்.

இது திருப்பிப்போடுவதோடு முடியும் சங்கதி இல்லை. பைதானோடு வரும் ரெகெக்ஸில் (எழுத்து வடிவங்களைத் தேடும் கருவி) சொற்களைப் பிரித்தெடுக்க எல்லோரும் போடும் சாய்கோட்டு டபிள்யூ, தமிழ்த் துணைக்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணாது. 'அம்மா' என்ற ஒரு சொல்லை 'அம', 'ம' என்று இரண்டாக உடைத்துக் கொடுக்கும். ஆங்கிலச் சொற்களை எண்ண அந்த மொழி அவ்வளவு லாவகமானது. அதே வரி நம் சொற்களை நொறுக்குகிறது. பெர்லில் அதே குறி ஒழுங்காக வேலை செய்கிறது.

கோ மொழியில் மாறிக்குப் பெயராக 'எண்' என்று வைக்கவே முடியாது. அதன் விதிப்படி பெயரில் எழுத்து, இலக்கம், அடிக்கோடு மட்டும் வரலாம். யூனிகோட் கணக்கில் புள்ளியும் துணைக்குறியும் எழுத்து வகையில் இல்லை. 'பட' என்று வைக்கலாம், 'படம்' என்று வைக்க முடியாது. தவிர, கோவில் ஒரு பெயர் தொகுப்புக்கு வெளியே தெரிய வேண்டுமானால் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து ஏது? வெளிப்பாட்டுத் திறன் என்று பேசும்போது யாருடைய வெளிப்பாடு என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். எனக்கு இது மனசை உறுத்தும் விஷயம்.

---

வார்ப்புரு

ஸ்விஃப்ட்டில் போட்டேன். சொல்லைத் திருப்பி, மூலத்தோடு சமமா என்று கேட்டேன். ஒற்றை வரி, விகடகவிக்கு ஆம் என்றது. அம்மாவின் நீளம் கேட்டால் 3 என்கிறது. பைதானும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்கின்றன. ஸ்விஃப்ட்டில் எழுத்துச்சரத்தின் அலகே கண்ணுக்குத் தெரியும் எழுத்துதான், குறியீடு இல்லை.

இன்னொன்றும் சோதித்தேன். 'மோ'வை இரண்டு விதமாகத் தட்டச்சலாம்: ஓகாரத்துக்கு ஒரே குறியீடாக, அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. ஸ்விஃப்ட் இரண்டையும் சமம் என்கிறது. பைதானில் முதலில் இயல்பாக்கம் செய்தால்தான், அதாவது இரண்டையும் ஒரே குறியீட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்தால்தான், சமம் என்று வரும்.

---

இரும்புத்துரு

ரஸ்ட்டின் நிலையான நூலகத்தில் குறியீடு வரைக்கும்தான் உண்டு. எழுத்தாகப் பிரிக்க வெளிக் கிரேட் (ரஸ்ட்டில் நூலகத்துக்கு அதுதான் பெயர்) ஒன்றைச் சேர்க்க வேண்டும், சேர்த்துவிட்டால் ஒரே வரி. தெரிந்தேதான் வெளியே வைத்திருக்கிறார்கள்: எழுத்தெல்லை அட்டவணைகள் பெரியவை, யூனிகோட் பதிப்புக்குப் பதிப்பு மாறுபவை.

ஸ்விஃப்ட்டும் இதைச் சும்மா தரவில்லை. ஐந்தாம் எழுத்தைக் கொடு என்று நேரடியாக எண்ணைப் போட்டுக் கேட்க அங்கே முடியாது, அதற்கென்று தனி இன்டெக்ஸ் வகை. நீளம் கேட்டால் தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு போகிறது. ஆங்கிலம் மட்டும் கையாள்கிறவர்கள் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். நம் வேலைக்கு அந்த விலை நியாயமானது.

---

ஜாவா_தினமும்

ஜாவாவில் 9ஆம் பதிப்பிலிருந்து ரெகெக்ஸில் ஒரு முழு எழுத்தைப் பிடிக்கும் குறி இருக்கிறது. அதை வைத்துப் பிரித்து, பட்டியலைத் திருப்பி, ஒட்டினேன். சரியாக வந்தது. எழுத்துச்சரத்தைத் திருப்ப ஜாவா தரும் ரெடிமேட் மெத்தடை மட்டும் நம்பாதீர்கள், அது தமிழில் பைதான் செய்யும் அதே தப்பைச் செய்கிறது.

ஜாவாஸ்கிரிப்டில் எழுத்தாகப் பிரிக்கச் செக்மென்டர் என்ற ஒன்று பிரவுசரிலேயே வந்திருக்கிறது. குரோமில் 2020இல் வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

---

பழையசி

சி-யில் 21 பைட்டையும் திருப்பினால் கிடைப்பது யூடிஎஃப்-8ஆகவே இருக்காது. ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தைக் கொண்டுவந்தால் செய்யலாம். நான் கையாலேயே எழுதினேன்: பைட்டுகளைக் குறியீடாக்கி, துணைக்குறியும் புள்ளியும் வந்தால் முந்தைய எழுத்தோடு சேர்க்கும் ஒரு ஃபங்ஷன். தமிழுக்கு மட்டும் என்றால் அந்தப் பட்டியல் சிறியதுதான், ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. எழுதி முடித்ததும் கவனித்தேன். அந்த ஒரு ஃபங்ஷனுக்கு வெளியே வேறு எதையும் நான் தொட வேண்டியிருக்கவில்லை. தூயசார்பு சொன்ன அளவுகோலில், இந்தப் புதிருக்குச் சி-யில் வேலை அதிகம், ஆனால் அது ஓரிடத்தோடு நின்றுவிடுகிறது. சேர்ப்பியில் அப்படி நிற்கவில்லை. தொகையின் முகவரி ஒவ்வோர் அழைப்பிலும் கூடவே வந்தது.

---

மூன்றாமாண்டு

பைதானில் நானும் செய்துவிட்டேன் அண்ணா. குறியீட்டின் யூனிகோட் வகை 'எம்'மில் தொடங்கினால் (துணைக்குறியும் புள்ளியும் அந்த வகை) முந்தைய எழுத்தோடு ஒட்ட வேண்டும் என்று ஒரு லூப். விகடகவி ஆம். 'தேரு வருதே', 'மோரு போருமோ' இரண்டும் இடைவெளியை எடுத்துவிட்டால் ஆம்.

ஒரு சந்தேகம். 'பக்ஷம்' என்று கொடுத்தால் ப, க், ஷ, ம் என்று நான்காகப் பிரிகிறது. எங்கள் தமிழாசிரியர் க்ஷவை ஒரே எழுத்தாகத்தான் எழுதிக் காட்டுவார். என் லூப்பில் தப்பா?

---

எழுத்துரு

தப்பில்லை தம்பி. ஸ்விஃப்ட்டில் கேட்டாலும், ஜாவாவின் அந்தக் குறியைக் கேட்டாலும், யூனிகோட் தரும் பொது விதிப்படி அது 'க்', 'ஷ' என்று இரண்டுதான். அதை ஒன்றாக எண்ணுவது நம் வழக்கம், எழுதும் வேலையைப் பொறுத்து மாறும். குறுக்கெழுத்துப் போட்டிக்கு ஒரே கட்டத்தில் போட வேண்டியிருக்கும். தட்டச்சுப் பயிற்சி நிரலுக்கு இரண்டாக வேண்டியிருக்கலாம். எந்த மொழியும் இதை நமக்காக முடிவு செய்யாது.

உங்கள் லூப்பை ஒரு தனி ஃபங்ஷனாக எடுத்து, 'எழுத்தாக்கு' என்று பெயர் வையுங்கள். பைதான் 3இல் தமிழ்ப் பெயர் செல்லும், புள்ளியோடும் துணைக்குறியோடும் செல்லும். க், ஷ இரண்டும் அடுத்தடுத்து வந்தால் சேர்க்கும் வரியை அதற்குள் போடுங்கள், 'ஷி', 'ஷா' போலத் துணைக்குறியோடு வருவதையும் மறக்காமல். 'ஸ்ரீ'க்கும் அங்கேயே இடம் இருக்கிறது. ஓப்பன்-தமிழ் நூலகத்தில் எழுத்தாகப் பிரிக்கும் ஃபங்ஷன் ஏற்கெனவே இருக்கிறது, உங்களுடையதோடு அதையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டும் வேறுபடும் சொற்கள் கிடைத்தால் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.